படிக்கப்படாத கடைசி வரி: கேடம்ப் அமைவுக் கோப்பில் ஒளிந்திருக்கும் வழு

“கேடம்ப் வேலை செய்யவில்லை.” லினக்ஸ் சர்வர்களைப் பராமரிப்பவர்கள் கூடும் எந்த அறையிலும் என்றாவது ஒரு நாள் இந்தப் பேச்சு எழும். நள்ளிரவில் ஒரு சர்வர் தானாக விழுந்து தானாக எழுந்திருக்கும். விழுந்த கணத்தில் நினைவகத்தில் என்ன இருந்தது என்பதை எடுத்து வைக்கத்தான் கேடம்ப் என்ற ஏற்பாடு அதில் இருக்கிறது. காலையில் போய்ப் பார்த்தால் எடுத்து வைத்த கோப்பைக் காணோம். கருவியே சரியில்லை என்பார் ஒருவர். நினைவகச் சில்லு பழுது என்பார் இன்னொருவர். கெர்னலைப் புதுப்பித்ததுதான் வினை என்பார் மூன்றாமவர்.

மூவரும் சொல்லாத ஒரு காரணம் உண்டு. என்ன செய்ய வேண்டும் என்று நாம் எழுதி வைத்த கோப்பை, நாம் எண்ணியபடி கருவி படிக்கவில்லை. எழுதியவர் கண்ணுக்குக் கோப்பு சரியாகத்தான் இருக்கும். கெர்னலும் தன் வேலையைச் செய்திருக்கும். இரண்டுக்கும் நடுவே நடந்த வாசிப்பில்தான் கோளாறு. “கான்ஃபிக் தப்பு” என்ற இரண்டே சொல்லில் இதை முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது போதவில்லை. இந்த வழு எப்படிப் பிறக்கிறது, ஏன் மாதக்கணக்கில் ஒளிந்திருக்கிறது, திருத்துவது என்றால் எதைத் திருத்துவது என்பதைக் கெர்னல் பற்றி ஒன்றும் அறியாதவருக்கும் புரியும்படி சொல்லப் பார்க்கிறேன்.

மயங்கி விழுந்தவரே கணக்கு எழுத முடியாது

ஒரு கூட்டுக் குடும்பத்தின் வரவு செலவை எல்லாம் ஒரே பெரியவர் பார்த்துக்கொள்கிறார். எந்தச் சாவி எங்கே, யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும், எல்லாம் அவர் தலைக்குள்தான். ஒரு நாள் அவர் மயங்கி விழுகிறார். அவரையே தட்டி எழுப்பி, “கடைசியாக என்ன செய்துகொண்டிருந்தீர்கள், நோட்டில் எழுதுங்கள்” என்று கேட்க முடியுமா? எழுதினாலும் அதை நம்ப முடியாது. தடுமாறும் கை நல்ல கணக்கிலும் கிறுக்கி வைத்துவிடலாம்.

கணினியில் அந்தப் பெரியவர்தான் கெர்னல். நினைவகம், வட்டு, பிணையம் எல்லாவற்றையும் நேரடியாக ஆளும் இயங்குதளத்தின் மையப் பகுதி அது. இனிமேல் பத்திரமாகத் தொடர முடியாது என்று தானே கண்டுகொண்டால் கெர்னல் எல்லா வேலையையும் நிறுத்திவிடும். இந்த நிலைக்குப் பேனிக் என்று பெயர். பேனிக் ஆன கெர்னலிடமே “நினைவகத்தை வட்டில் எழுது” என்று சொல்வது ஆபத்து. வட்டை இயக்கும் பகுதியே கெட்டுப்போயிருக்கலாம். எழுதப்போய் நல்ல தரவை அழித்துவிடலாம்.

அதனால் கேடம்ப் வேறு வழியைப் பிடிக்கிறது. கணினி நலமாக இருக்கும்போதே நினைவகத்தில் ஒரு மூலை, உதாரணத்துக்கு 256 எம்பி, வேலி போட்டு ஒதுக்கப்படுகிறது. முதல் கெர்னல் அந்தப் பக்கம் போவதில்லை. அந்த மூலையில் இரண்டாவது கெர்னல் ஒன்றை ஏற்றி, ஓடவிடாமல் காத்திருக்க வைக்கிறார்கள். முதல் கெர்னல் பேனிக் ஆனதும் கெக்ஸெக் என்ற வசதி மூலம் கட்டுப்பாடு நேராக இரண்டாவது கெர்னலுக்குத் தாவுகிறது. வழக்கமான மறுதொடக்கம் போல வன்பொருளின் தொடக்க நிரல் வழியாகச் சுற்றி வருவதில்லை. சுற்றி வந்தால் நினைவகத்தில் இருந்தது மிஞ்சும் என்பதற்கு உறுதி இல்லை. இரண்டாவது கெர்னல் தன் சின்ன மூலையில் நின்றுகொண்டு, விழுந்த கெர்னலின் நினைவகம் முழுவதையும் விஎம்கோர் என்ற ஒரே கோப்பைப் போலப் பார்க்கிறது. அதைப் படித்து வட்டிலோ வேறு கணினியிலோ சேமிக்கிறது. அப்படிச் சேமித்த நகல்தான் கிராஷ் டம்ப். 2005 ஆகஸ்டில் வெளியான லினக்ஸ் 2.6.13 முதல் இந்த இரண்டு வசதிகளும் மூலக் கெர்னலிலேயே இருக்கின்றன.

நினைவகம் முழுவதையும் அப்படியே நகலெடுத்தால் 256 ஜிபி சர்வருக்கு ஏறத்தாழ அதே அளவு இடம் வேண்டியிருக்கும். அதனால் மேக்டம்ப்ஃபைல் என்ற வடிகட்டி நடுவில் நிற்கிறது. வெறும் பூச்சியங்கள் நிரம்பிய பக்கங்களுக்கு 1, கோப்புகளுக்காகத் தற்காலிகமாக வைத்திருக்கும் பக்கங்களில் இரண்டு வகைக்கு 2, 4, பயனர் நிரல்களின் தரவுக்கு 8, காலியாகக் கிடக்கும் பக்கங்களுக்கு 16 என்று எண் கொடுத்திருக்கிறார்கள். எவற்றைத் தள்ள வேண்டுமோ அவற்றின் எண்களைக் கூட்டிச் சொன்னால் போதும். எல்லாவற்றையும் தள்ளினால் 31. அமைவுக் கோப்புகளில் அடிக்கடி தென்படும் அந்த 31 எங்கிருந்து வந்தது என்று பலர் கேட்டிருக்கிறார்கள். வந்தது இந்தக் கூட்டலிலிருந்துதான்.

இதுவரை பார்த்தது: விழுந்த கெர்னல் டம்ப் எடுப்பதில்லை. முன்கூட்டியே ஏற்றி வைத்த இன்னொரு கெர்னல், ஒதுக்கி வைத்த நினைவகத்தில் நின்றுகொண்டு எடுக்கிறது.

கட்டுச்சோறு கட்டும் நேரம்

இரண்டாவது கெர்னல் கண் விழிக்கும்போது அதன் கையில் அதிகம் ஒன்றும் இருக்காது. வழக்கமான சேவைகள் இல்லை. வட்டுகளைக்கூட அது புதிதாகத்தான் தேடிப் பிடிக்க வேண்டும். தேவையான கட்டளைகள், வட்டு ஓட்டிகள், எங்கே சேமிப்பது என்ற குறிப்பு எல்லாவற்றையும் முன்கூட்டியே ஒரு சிறு பொதியாகக் கட்டி அதனுடன் ஏற்றி வைக்கிறார்கள். இந்தப் பொதியின் பெயர் இனிட்ராம்எஃப்எஸ். ரயில் பயணத்துக்குக் கட்டுச்சோறு கட்டுவது போலத்தான் இது. ஊறுகாயை மறந்தது பாதி வழியில் நினைவுக்கு வந்தால், நினைவுக்கு வந்ததோடு சரி.

பொதியில் எதை வைப்பது என்று சொல்வதுதான் அமைவுக் கோப்பு. ரெட் ஹாட், ஃபெடோரா என்ற லினக்ஸ் வகைகளின் குடும்பத்தில் இது இடிசி கோப்புறையில் கேடம்ப்.கான்ஃப் என்ற பெயரில் இருக்கும். வரிக்கு ஒரு விருப்பம்: முதலில் பெயர், பிறகு இடைவெளி, பிறகு மதிப்பு. எந்தக் கோப்புறையில் சேமிப்பது என்று ‘பாத்’ சொல்லும். பிணையத்தில் உள்ள வேறு கணினிக்கு அனுப்ப ‘என்எஃப்எஸ்’ அல்லது ‘எஸ்எஸ்ஹெச்’. சேமிப்பு தோற்றுப்போனால் என்ன செய்வது என்று சொல்ல ‘ஃபெயிலியர்_ஆக்‌ஷன்’. அதில் ஒன்றும் எழுதாவிட்டால் கணினி மறுதொடக்கம் ஆகிவிடும்.

டெபியன், உபுண்டுவில் கோப்பின் இலக்கணமே வேறு. அங்கே அமைவுக் கோப்பை, நாம் தரும் கட்டளைகளைப் படித்து ஓட்டும் ஷெல் தன் நிரலைப் போலவே படிக்கிறது. பெயருக்கும் மதிப்புக்கும் நடுவில் சமக்குறி வரும், அதன் இருபுறமும் இடைவெளி விடக் கூடாது. விட்டால் பெயரை ஒரு கட்டளை என்று எண்ணி ஓட்டப் பார்க்கும். ஒரு குடும்பத்துக்கான அறிவுரையை இன்னொன்றில் அப்படியே ஒட்டிவிட்டுத் தலையைப் பிய்த்துக்கொள்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இங்கே ஒரு விஷயத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். அமைவுக் கோப்பு படிக்கப்படும் நேரம் வேறு, அதன் பலன் தெரியும் நேரம் வேறு. ஒரு இணையதளச் சர்வரின் அமைவைத் தவறாக எழுதினால் அடுத்த நிமிடமே பக்கம் திறக்காது. யாராவது கூப்பிட்டுச் சொல்வார்கள். கேடம்ப் அமைவு படிக்கப்படுவது எல்லாம் அமைதியாக இருக்கும் ஒரு பகலில். அது தேவைப்படுவது எட்டு மாதம் கழித்து, கெர்னல் விழுந்து, திரையைப் பார்க்கக்கூட ஆள் இல்லாத ஓர் இரவில். தவறாகப் படித்திருந்தால் அதைச் சொல்ல அப்போது யாரும் இல்லை, திருத்த வழியும் இல்லை.

பலகையா, பல கையா

‘பலகை’ என்ற எழுத்துகளைச் சேர்த்துப் படித்தால் மரப்பலகை. பிரித்துப் படித்தால் பல கைகள். எட்டு, வேங்கை, தாமரை என்று பள்ளி இலக்கணத்தில் பொதுமொழிக்கு உதாரணம் படித்திருப்போம். ஒரே எழுத்து வரிசை, பிரிக்கும் இடத்தைப் பொறுத்து வேறு பொருள். வரிசையாக வரும் எழுத்துகளை எங்கே பிரிப்பது, பிரித்த துண்டுகளில் எது என்ன என்று முடிவு செய்வதைத்தான் நிரலாளர்கள் பார்சிங் என்கிறார்கள். அந்த வேலையைச் செய்யும் நிரல் பகுதி பார்சர்.

மளிகைக் கடைக்குக் கொடுத்தனுப்பும் சீட்டு நல்ல உதாரணம். மேலே ஒரு பிள்ளையார் சுழி. கீழே வரிக்கு ஒரு சாமான். ஓரத்தில் ‘போன மாதப் பருப்பு வேகவில்லை’ என்று ஒரு குறிப்பு. எல்லாம் எழுதியபின் அடியில் ஒரு கோடு. கடைக்காரர் பிள்ளையார் சுழியை எடைபோடுவதில்லை. ஓரத்துக் குறிப்பைப் படித்துவிட்டு நல்ல பருப்பை எடுத்து வைப்பார். அடிக்கோடு இல்லாவிட்டாலும் கடைசிச் சாமானையும் கட்டித் தந்துவிடுவார். இதெல்லாம் அவருக்கு யாரும் சொல்லிக்கொடுத்தது இல்லை, பழக்கத்தில் தெரியும்.

பார்சருக்கு அந்தப் பழக்கம் கிடையாது. எது சாமான், எது குறிப்பு, எது வரியின் முடிவு என்று ஒவ்வொன்றையும் விதியாக எழுதிக்கொடுக்க வேண்டும். எழுதாமல் விட்ட விதியில்தான் வழு குடியேறுகிறது.

இதுவரை பார்த்தது: அமைவுக் கோப்பு நமக்கு வரிகளாகத் தெரிகிறது, கருவிக்கு அது எழுத்துகளின் ஒரே நீண்ட சங்கிலி. சங்கிலியை வெட்டும் விதிதான் பார்சர்.

வழுக்கும் இடங்கள்

முதலில் இடைவெளி. கண்ணுக்குத் தெரியாது, ஆனால் அதுவும் ஓர் எழுத்துதான். நினைவகத்தில் மூலையை ஒதுக்கச் சொல்லும் கிராஷ்கெர்னல் என்ற தொடக்க அளவுருவை எடுத்துக்கொள்ளுங்கள். ‘1ஜி-4ஜி:192எம்,4ஜி-64ஜி:256எம்,64ஜி-:512எம்’ என்ற பாணியில் அதை எழுதுவார்கள். நினைவகம் 1 முதல் 4 ஜிபிக்குள் இருந்தால் 192 எம்பி ஒதுக்கு, 4 முதல் 64 வரை 256, அதற்கு மேல் எவ்வளவு இருந்தாலும் 512 என்று பொருள். பார்க்க நெருக்கமாக இருக்கிறதே என்று ஒருவர் காற்புள்ளிக்குப் பின் ஒரு இடைவெளி விடுகிறார். கெர்னலின் தொடக்க வரியில் இடைவெளி வந்தால் அந்த அளவுரு அங்கே முடிந்தது, அடுத்தது வேறு அளவுரு என்று பொருள். ஆகவே கெர்னலுக்குக் கிடைப்பது 1 முதல் 4 ஜிபி வரைக்கான விதி மட்டும். 16 ஜிபி உள்ள கணினிக்கு ஒரு எம்பிகூட ஒதுக்கப்படாது. ஒரே ஒரு இடைவெளி செய்த வேலை.

அடுத்தது ஹாஷ் குறி. வரியில் # வந்தால் அதற்குப் பின் உள்ளதெல்லாம் மனிதருக்கான குறிப்பு, கருவி படிக்க வேண்டாம் என்பது மரபு. அப்படியானால் சேமிக்கும் கோப்புறையின் பெயரிலேயே # இருந்தால்? கண்ணை மூடிக்கொண்டு # முதல் வெட்டும் பார்சர், பெயரைப் பாதியில் அறுத்துவிடும். அறுந்த பெயரில் ஒரு கோப்புறையும் இருந்து தொலைத்தால் பிழைச் செய்திகூட வராது. வரித் தொடக்கத்திலோ இடைவெளிக்குப் பின்னோ வரும் # மட்டுமே குறிப்பு என்று விதி வைக்கலாம். அல்லது மதிப்புக்குள் # கூடவே கூடாது என்று தடுக்கலாம். இரண்டில் எதுவானாலும் சரி, அது ஆவணத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும், மீறினால் கருவி சத்தம் போட வேண்டும்.

மூன்றாவது விண்டோஸ் கணினியில் திருத்தி எடுத்துவந்த கோப்பு. பழைய தட்டச்சு இயந்திரத்தில் ஒரு வரி முடிந்தால் இரண்டு காரியம் செய்ய வேண்டும்: உருளையைத் தொடக்கத்துக்குத் தள்ள வேண்டும், தாளை ஒரு வரி ஏற்ற வேண்டும். விண்டோஸ் இன்றும் வரி முடிவில் இரண்டுக்கும் ஒவ்வொரு குறியாக, ஆஸ்கி எண் 13, 10 என்று, இரண்டு எழுத்துகள் வைக்கிறது. லினக்ஸுக்கு 10 மட்டும் போதும். எனவே அந்த 13 மதிப்பின் வாலில் ஒட்டிக்கொள்கிறது. கோப்புறையின் பெயர் ‘கிராஷ்’ அல்ல, ‘கிராஷ்’ என்பதோடு கண்ணுக்குத் தெரியாத இன்னோர் எழுத்து. அப்படி ஒரு கோப்புறை எங்கும் இல்லை.

கடைசி வரி

நான்காவதுதான் என்னை இந்தக் கட்டுரை எழுத வைத்தது.

பலவகை லினக்ஸ் சர்வர்களை ஒன்றாகப் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்ததால், கேடம்ப் பாணியிலேயே ஒரு சிறு அமைவுக் கோப்பும், அதைப் படித்துப் பொதியைக் கட்ட ஒரு ஷெல் நிரலும் எங்கள் குழுவிலேயே எழுதி வைத்திருந்தோம். ஓர் இரவு ஒரு சர்வர் விழுந்தது. காலையில் டம்ப் வந்து சேர வேண்டிய சேமிப்பகக் கணினியில் ஒன்றுமே இல்லை. விழுந்த சர்வருக்குள்ளேயே போய்ப் பார்த்தால், அன்றைய தேதியிட்ட ஒரு கோப்புறை. அதற்குள் இரண்டு கோப்புகள். ஒன்று கெர்னலின் கடைசிச் செய்திகள் அடங்கிய உரைக் கோப்பு. சிறியது, முதலில் எழுதப்படுவது, அதனால் முழுதாக இருந்தது. மற்றது விஎம்கோர்-இன்கம்ப்ளீட். நகலெடுப்பு முடியும் வரை கோப்புக்கு இந்தப் பின்னொட்டோடுதான் பெயர் இருக்கும். முடிந்த பிறகே விஎம்கோர் என்று பெயர் மாறும். எங்களுக்கு அது மாறவே இல்லை. வட்டு நிரம்பி, எழுதுவது நின்று, கணினி மறுதொடக்கம் ஆகிவிட்டது. பிணையத்துக்கு அனுப்பச் சொன்ன நகல் ஏன் உள்வட்டுக்குப் போனது?

அமைவுக் கோப்பைத் திறந்தோம். எல்லா வரியும் சரி. சேவையின் நிலை, இயங்குகிறது. இரண்டாவது கெர்னல் ஏற்றப்பட்டிருக்கிறதா என்று கெர்னலிடமே கேட்டால் 1, அதாவது ஆம். எல்லாம் பச்சை விளக்கு. கெர்னல் ஏற்றப்பட்டிருக்கிறது என்பதைத்தான் அந்த 1 சொல்கிறது. பொதிக்குள் என்ன குறிப்பு இருக்கிறது என்பதைச் சொல்வதில்லை. இதை அன்றுதான் உறைக்கும்படி கற்றுக்கொண்டேன்.

பிறகு கோப்பில் உள்ளதைத் திரையில் காட்டும் ‘கேட்’ என்ற கட்டளையை, மறைந்த எழுத்துகளையும் காட்டும் விருப்பத்தோடு ஓட்டினோம். அது வரி முடிவு இருக்கும் இடங்களிலெல்லாம் $ போட்டுக் காட்டும். திரையில் வந்தது இப்படி:

பாத் /வார்/கிராஷ்$
கோர்_கலெக்டர் மேக்டம்ப்ஃபைல் -எல் -டி 31$
என்எஃப்எஸ் சேமிப்பகம்:/டம்ப்

மூன்றாம் வரியின் முடிவில் $ இல்லை. கோப்பை உருவாக்கிய தானியங்கிக் கருவி, கடைசி வரிக்குப் பின் வரி முடிவுக் குறியை வைக்கவில்லை. அவ்வளவுதான் வேறுபாடு.

இது எப்படிக் கோளாறாகிறது? ஷெல்லில் கோப்பை வரிவரியாகப் படிக்க ரீட் என்ற கட்டளை உண்டு. அது ஒவ்வொரு முறையும் இரண்டு காரியம் செய்கிறது. படித்த எழுத்துகளை நம் கையில் தருகிறது. கூடவே ‘வெற்றி’ அல்லது ‘தோல்வி’ என்று ஒரு சைகையும் தருகிறது. வரி முடிவுக் குறியைக் கண்டால் வெற்றி. அதைக் காணாமலே கோப்பு தீர்ந்துபோனால் தோல்வி. இங்கேதான் கவனம் வேண்டும்: தோல்வி என்று சொன்னாலும், அதுவரை படித்த எழுத்துகளைக் கையில் தந்துவிட்டுத்தான் சொல்கிறது. எங்கள் நிரலோ, ரீட் வெற்றி என்று சொல்லும் வரை ஒவ்வொரு வரியாகச் செயல்படுத்து என்று எழுதப்பட்டிருந்தது. மூன்றாம் முறை என்எஃப்எஸ் வரி முழுதாகக் கைக்கு வந்தது, கூடவே தோல்விச் சைகையும் வந்தது. சைகையைப் பார்த்ததும் நிரல் படிப்பதை நிறுத்திக்கொண்டது. கையில் இருந்த வரியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அடிக்கோடு போடாத மளிகைச் சீட்டில், கடைசிச் சாமானை இன்னும் எழுதி முடிக்கவில்லை போலும் என்று விட்டுவிடும் கடைக்காரரைக் கற்பனை செய்யுங்கள். அவர் திருடவில்லை, தூங்கவும் இல்லை. அவருக்குச் சொல்லிவைத்த விதி அப்படி.

ரீட் கட்டளையைக் குறை சொல்லவும் முடியாது. யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான போசிக்ஸ் தரநிலை, வரி என்றாலே வரி முடிவுக் குறியோடு முடிவதுதான் என்று வரையறுக்கிறது. குறி இல்லாதது முழுமையற்ற வரி. தரநிலைப்படி அது நடந்துகொண்டது. அதைப் பயன்படுத்திய நாங்கள்தான் அந்த வரையறையை மனதில் வைக்கவில்லை.

என்எஃப்எஸ் வரி இல்லாத கோப்பு, பார்சரின் பார்வையில் குறையற்ற கோப்பு. இலக்கு சொல்லப்படவில்லை, ஆகவே உள்வட்டு. தோற்றால் என்ன செய்வதென்றும் சொல்லப்படவில்லை, ஆகவே மறுதொடக்கம். இரண்டும் நியாயமான இயல்புநிலைகள்தான். ஆனால் ‘அவர் எதுவும் சொல்லவில்லை’ என்பதற்கும் ‘அவர் சொன்னது என் காதில் விழவில்லை’ என்பதற்கும் இங்கே வேறுபாடே தெரியாமல் போய்விட்டது.

திருத்துவது எதை

“கோப்பின் கடைசியில் ஒரு என்டர் தட்டிவிட்டால் போதாதா, அண்ணா?” என்று குழுவில் இளையவர் ஒருவர் கேட்டார். அந்தச் சர்வருக்குப் போதும். அடுத்த வாரம் அதே தானியங்கிக் கருவி இன்னொரு கோப்பை எழுதும். அதற்கு யார் போய் என்டர் தட்டுவது? கோப்பைத் திருத்துவது ஒரு சர்வரின் காயத்துக்குக் கட்டுப் போடுவது. வழு இருந்தது வாசிப்பில்.

முதல் திருத்தம் மிகச் சிறியது. ‘ரீட் வெற்றி என்று சொல்லும் வரை’ என்ற நிபந்தனையை ‘ரீட் வெற்றி என்று சொன்னாலோ, கையில் ஏதாவது எழுத்து இருந்தாலோ’ என்று மாற்றினோம். கடைசி வரி குறியோடு வந்தாலும் குறியின்றி வந்தாலும் இப்போது செயல்படுத்தப்படும்.

இரண்டாவது திருத்தத்துக்கு நாள் பிடித்தது. ஒரே கோப்பை எங்கள் நிரலில் மூன்று இடங்களில் மூன்று விதமாகப் படித்துக்கொண்டிருந்தோம்: பகலில் சரிபார்க்கும் பகுதி ஒரு விதம், பொதி கட்டும் பகுதி இன்னொரு விதம், பொதிக்குள்ளிருந்து இரவில் ஓடும் பகுதி வேறொரு விதம். சரிபார்க்கும் பகுதிக்குக் கடைசி வரி தெரிந்தது. பொதி கட்டும் பகுதிக்குத் தெரியவில்லை. இது கவலைக்குரியது. சரிபார்த்தவர் ஒரு சீட்டைப் பார்த்துத் தலையாட்டுகிறார், சாமான் கட்டுபவர் வேறொரு சீட்டைப் படிக்கிறார். ஃபெடோராவின் கேடம்ப் நிரல்களில், குறிப்பை வெட்டி, முன்னும் பின்னும் உள்ள இடைவெளிகளை நீக்கி, வெற்று வரிகளைத் தள்ளி, சுத்தமான வரிகளைத் தருவதற்கென்றே பொதுவான ஒரு செயற்கூறு இருக்கிறது. மற்ற பகுதிகள் அதைக் கூப்பிட்டே படிக்கின்றன. நாங்களும் அந்த வழிக்கு வந்தோம். படிப்பவர் ஒருவரே, மற்ற எல்லோரும் அவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, ஊகிப்பதை நிறுத்தினோம். தெரியாத பெயர் வந்தால், மதிப்பு காலியாக இருந்தால், ஒரே விருப்பம் இரண்டு முறை வந்தால், மதிப்பின் வாலில் எண் 13 இருந்தால், வரி எண்ணோடு பிழை சொல்லிவிட்டுப் பொதி கட்டாமலே நின்றுவிடும். ரெட் ஹாட் குடும்பத்தில் கேடம்ப் சேவையைத் தொடங்கி நிறுத்தும் கேடம்ப்சிடிஎல் என்ற கருவியும் அறியாத விருப்பத்தைக் கண்டால் சேவையைத் தொடங்க மறுக்கிறது. சிலருக்கு இந்தக் கண்டிப்பு பிடிப்பதில்லை. ஒரு எழுத்துப்பிழைக்காகச் சேவை முழுவதும் நிற்க வேண்டுமா என்கிறார்கள். கேடம்பைப் பொறுத்தவரை நின்றே தீர வேண்டும் என்பேன். பகலில் நின்றால் ஒருவர் ஐந்து நிமிடத்தில் சரிசெய்வார். பகலில் சமாளித்துக்கொண்டு போனால், அது தோற்றுப்போகும் இரவில் போனது போனதுதான். அதே வழுவை இன்னொரு முறை பிடிக்கக் கெர்னல் மறுபடி விழும் வரை காத்திருக்க வேண்டும்.

இதுவரை பார்த்தது: விடுபட்ட வரியைப் பிடிக்கும் சிறு மாற்றம், படிப்பவரை ஒருவராக்கும் பெரிய மாற்றம், புரியாததைப் புரிந்ததாகக் காட்டாத கண்டிப்பு. மூன்றும் சேர்ந்துதான் திருத்தம்.

விழவைத்துப் பார்த்தல்

நிரலைத் திருத்திய உடனே எதுவும் மாறிவிடாது. பழைய பார்சர் கட்டிய பொதிதான் இன்னும் நினைவகத்தில் காத்திருக்கும். பொதியை மறுபடி கட்டி மறுபடி ஏற்ற வேண்டும். கேடம்ப் சேவை, அமைவுக் கோப்பின் தேதி மாறியிருந்தால் மறுதொடக்கத்தின்போது தானே பொதியைப் புதிதாகக் கட்டிக்கொள்ளும். ஆனால் நாம் மாற்றியது கோப்பை அல்ல, படிக்கும் நிரலை. ஆகவே மறுகட்டுமானக் கட்டளையை நாமே கொடுப்பதுதான் பாதுகாப்பு. இதை மறந்துவிட்டு “திருத்தியும் பயனில்லை” என்று சொல்பவர்கள் உண்டு.

பிறகு உண்மையாகவே விழவைத்துப் பார்க்க வேண்டும். லினக்ஸில் சிஸ்ரெக்-டிரிக்கர் என்ற இடத்தில் ‘சி’ என்ற ஒற்றை எழுத்தை எழுதினால் கெர்னல் அந்தக் கணமே பேனிக் ஆகும். யாரும் பயன்படுத்தாத சோதனைக் கணினியில் மட்டுமே இதைச் செய்யுங்கள், ‘உறுதியா?’ என்று அது கேட்பதில்லை. நாங்கள் செய்தபோது திரை ஒரு கணம் உறைந்தது, பிறகு இரண்டாவது கெர்னலின் செய்திகள் ஓடின. சேமிப்பகக் கணினியில் கோப்புறைப் பட்டியலைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்கம்ப்ளீட் என்ற பின்னொட்டோடு ஒரு கோப்பு தோன்றி வளர்ந்தது. சற்று நேரத்தில் பின்னொட்டு போய்விட்டது.

விழவைக்கும் சோதனையை ஒவ்வொரு மாற்றத்துக்கும் செய்ய முடியாது. ஆகவே பார்சருக்கென்று ஏழு மாதிரிக் கோப்புகள் வைத்திருக்கிறோம்: முழுக்கக் காலியானது, குறிப்புகள் மட்டும் உள்ளது, இடைவெளிக்குப் பதில் டேப் உள்ளது, விண்டோஸ் வரி முடிவுகள் உள்ளது, மதிப்புக்குள் # உள்ளது, ஒரே விருப்பம் இரண்டு முறை வருவது, கடைசி வரிக்குப் பின் குறி இல்லாதது. ஒவ்வொன்றுக்கும் என்ன விடை வர வேண்டும் என்று எழுதி வைத்து, நிரலில் ஒரு எழுத்து மாறினாலும் எல்லாவற்றையும் ஓட்டுகிறோம்.

அந்த ஏழாவது கோப்பு ஒரு முறை எங்களை ஏமாற்றியது. யாரோ அதை விம் எடிட்டரில் திறந்து ஓர் எழுத்துப்பிழையைத் திருத்திச் சேமித்திருந்தார்கள். விம் சேமிக்கும்போது கடைசி வரிக்குப் பின் வரி முடிவுக் குறியைத் தானே சேர்த்துவிடும். கோப்பின் பெயர் அப்படியே இருந்தது, சோதனையும் தவறாமல் தேறிக்கொண்டிருந்தது, ஆனால் சோதிக்க வேண்டியதைச் சோதிக்கவில்லை. கேட் கட்டளையில் மூன்றாம் வரியின் முடிவில் $ தெரிந்தபோதுதான் கண்டுகொண்டோம். இப்போது ஏழாவது கோப்பை வட்டில் வைத்திருப்பதில்லை. சோதனை தொடங்கும்போது பிரிண்ட்எஃப் கட்டளையால், குறி இல்லாமல், புதிதாக எழுதிக்கொள்கிறோம்.